உங்கள் பட்டியலில் இல்லாத பத்து நாள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் கொல்லை. மண்சுவரில் நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. சினையாக ஒரு பசு, ஏழு ஆடு, பத்துப் பதினைந்து கோழி. சென்னையை விட்டு வந்து இது இரண்டாவது மழைக்காலம். மனைவிக்கு ஆறாம் மாதம் நடக்கிறது, மார்கழி இரண்டாம் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஐப்பசி அடைமழைக்கும் மார்கழிப் பனிக்கும் இடத்தை எப்படித் தயார் செய்வது என்று கேட்டு, நீங்களே 32 வரியில் ஒரு பட்டியலும் போட்டிருக்கிறீர்கள். தார்ப்பாய் எத்தனை அடி என்பது வரை அதில் இருக்கிறது.

ஒன்றுதான் இல்லை. நீங்கள் இருவருமே அந்த வீட்டில் இருக்கப் போகாத நாட்கள். சுகப்பிரசவம் என்றாலும் குறைந்தது 48 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் அனுப்புவார்கள். அறுவை என்றால் ஒரு வாரம். அதற்கு முன் அலைச்சல், பின் அலைச்சல் என்று பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் முழுவதும் வீட்டுக்குள் இருந்து மழையைச் சமாளிப்பதற்கானது. அந்தப் பத்து நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார்?

நான் 29 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் இப்போதும் இரண்டு பசு நிற்கிறது. அதனால் உங்கள் கவலையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

ஒரு கார்த்திகை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் இடம் போலத்தான், வீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓர் ஓடை, அதன் மேல் தரைப்பாலம். விடியற்காலை நான்கு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது, இரண்டாம் பிரசவம். கணவர் நல்ல மனிதர்தான். “மாட்டை மட்டும் கறந்துவிட்டு வந்துவிடுகிறேன், மடி கட்டிக்கொள்ளும்” என்று கொட்டகைக்குப் போனார். கறந்து, பாலை ஊற்றி, தவிடு கரைத்து வைத்துவிட்டு வர முக்கால் மணி நேரம். இரவெல்லாம் மலையில் பெய்த மழை அந்த முக்கால் மணி நேரத்தில்தான் கீழே வந்து சேர்ந்தது. கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் தொடைக்கு ஏறிவிட்டது. நான் ஜீப்போடு இந்தக் கரையில், அவர்கள் அந்தக் கரையில். கடைசியில் ஒரு டிராக்டரில் ஏற்றி, வண்டிப்பாதையில் ஏழு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில், டிராக்டர் பெட்டியில் வைக்கோல் மேல் விரித்த போர்வையிலேயே குழந்தை பிறந்துவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது மாமியார்க்காரி பிள்ளையைத் துடைத்து, தாயின் வெற்று மார்பில் குப்புறப் போட்டு, இருவரையும் சேர்த்துத் தன் சேலையால் சுற்றிவைத்திருந்தாள். கொடியை அறுக்க யாரையும் விடவில்லை. அந்தக் கிழவி ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இல்லை. நாங்கள் பயிற்சி வகுப்பில் நாள் கணக்கில் படித்ததைத்தான் அவள் செய்துவைத்திருந்தாள். பையன் இப்போது ஐ.டி.ஐ. படிக்கிறான்.

அன்றிலிருந்து, மழைக்காலத்தில் தேதி உள்ள எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் மாட்டைத்தான் பார்ப்பேன், வயிற்றைப் பிறகுதான் பார்ப்பேன்.

உங்கள் பசுவுக்கு மாசியில் சினை ஊசி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பசுவுக்கும் ஏறத்தாழ 280 நாள்தான். அப்படியென்றால் கார்த்திகையில் கன்று. உங்கள் மனைவிக்கு நிறைமாதம் நடக்கும்போது கொட்டகையில் இளங்கன்றும் சீம்பாலும் இரண்டு வேளைக் கறவையும் இருக்கும். இதற்கு ஒரே வழி, பசுவை இப்போதே நம்பிக்கையான ஒருவரிடம் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு, விட்டுவிடுவது. கன்று ஈன்று இரண்டு மூன்று மாதம் அவர் வைத்துக் கறக்கட்டும், பாலில் என்ன பங்கு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வாயில்லா ஜீவனை அனுப்ப மனம் வரவில்லை என்பீர்கள். எனக்கும் வராது. ஆனால் அது போகிற இடம் கூப்பிடு தூரத்துக் கொட்டகை, அடிமாட்டுச் சந்தை இல்லையே. எங்கே இருந்தாலும், ஈனுவதற்கு 60 நாள் முன்பே கறவையை வற்றச் செய்துவிட வேண்டும். உங்கள் கணக்குக்கு அது புரட்டாசி.

இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. ஆடோ மாடோ ஈனும்போதும் கரு கலையும்போதும் வெளிவரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் மனிதருக்குத் தொற்றுகிற கிருமிகள் இருக்கலாம். புருசெல்லோசிஸ் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிற கருச்சிதைவு நோய் அதில் ஒன்று. கர்ப்பிணி அந்த நேரத்தில் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. நீங்களும் வெறுங்கையால் தொடாதீர்கள், நஞ்சுக்கொடியைச் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். காய்ச்சாத பால் வீட்டில் யார் வாயிலும் படக் கூடாது. உங்கள் மனைவி தினமும் சாணி அள்ளுகிறார் என்று எழுதியதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. சாணி அள்ளுவது பாவமில்லை, ஆனால் ஆறாம் மாதத்துக்கு மேல் குனிந்து கூடை தூக்குவதும், பாசி பிடித்த தரையில் நடப்பதும் வேண்டவே வேண்டாம். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு ஏறும், இருக்கிற ரத்தத்தையும் அது குடிக்கும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்துக் கொல்லைகளில் வேலை செய்கிற பெண்கள் பலருக்கு அது 11 கிராமைத் தொடுவதில்லை. இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடும் டீயோடும் விழுங்கினால் பாதி வீண்.

ஆடுகளில் கிடாய்களை விற்றுவிடுங்கள். எப்போது என்பதில்தான் சூட்சுமம். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது, விலை படுத்துக்கிடக்கும். கார்த்திகை பிறந்தால் மாலை போடுகிறவர்கள் வரிசை. நடுவில் தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் உங்களுக்கு நேரம். ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கே ஓட்டிப் போகலாம், வண்டி வாடகை மிச்சம். மீதிப் பெட்டைகளுக்கு ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி. அவ்வளவுதான், கோழிகளை யாராவது அரிசி இறைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

மழை விட்ட மறுநாள் துளிர்க்கிற இளம்புல்லை வெறும் வயிற்றில் மேய்ந்தால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் வயிறு உப்பிக்கொள்ளும். முதலில் ஒரு கை வைக்கோல், பிறகு மேய்ச்சல். இதைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வைக்கோல் போரைத் தரையில் போடாமல் கல் அடுக்கி அதன் மேல் போடுங்கள், வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி. வைக்கோலுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். மல்லாட்டைக்கொடியும் (நிலக்கடலைக் கொடி) அப்படியே. ஆடிப்பட்டத்து மல்லாட்டை பிடுங்குகிற நேரமும் மழை தொடங்குகிற நேரமும் நம் மாவட்டத்தில் எப்போதும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். நனைந்து பூசணம் பூத்த கொட்டையை ஆட்டுக்குக்கூடப் போடாதீர்கள், அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்கும்.

இனி வீடு.

சிமென்ட் ஆறு மூட்டை என்று பட்டியலில் பார்த்தேன், மண்சுவருக்கு வெளிப்பூச்சாம். தயவுசெய்து வேண்டாம். மண்சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விடும். மேலே சிமென்டைப் பூசி அடைத்தால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரின் வயிற்றிலேயே தங்கும். பூச்சு அப்படியே நிற்கும், உள்ளே மண் சேறாகியிருக்கும். 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் மழை நேரத்தில் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் ‘டக் டக்’ என்று கேட்டால் சரி, ‘பொத் பொத்’ என்றால் அந்தப் பக்கம் கட்டிலைப் போடாதீர்கள். வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையும் முக்கியமாகப் பாருங்கள், இந்தப் பருவத்து மழையும் வாடையும் அங்கேதான் அறையும். இறவாரத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் சுவரடி அரிக்காமல், இரண்டு அடி அகலத்துக்குச் சரளை கொட்டி வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். சுவரில் விரிசல்களுக்குக் களிமண்ணும் சாணமும், அல்லது சுண்ணாம்பு. ஆறு மூட்டை சிமென்ட் காசை ஓட்டுக்குச் செலவிடுங்கள்.

ஓட்டைப் பார்க்க ஏற வேண்டியதில்லை. நல்ல வெயிலில் கதவு சன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே ஐந்து நிமிடம் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகியதும் கூரையில் வெளிச்சப் பொட்டுகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே தரையில் கரியால் ஒரு குறி. ஓடு மாற்ற வருகிறவர் அந்தக் குறிகளைப் பார்த்து வேலை செய்வார், உங்கள் மேற்பார்வை தேவைப்படாது. பூனையும் குரங்கும் பிறகு கலைத்துவிடும், அது வேறு கதை. அதற்காக நாற்பது ஓடு கூடுதலாக வாங்கி வையுங்கள். வீட்டின் மேல் சாய்ந்திருக்கிற முருங்கைக் கிளையையும், காய்ந்த தென்னை மட்டைகளையும் கழித்துவிடுங்கள். நம் பகுதியில் ஆவணி புரட்டாசியிலேயே மாலை இடிமழை பெய்து மண் ஊறியிருக்கும். ஐப்பசியில் காற்றும் சேர்ந்துகொண்டால் வேர் தாங்காது.

தண்ணீருக்கு வருகிறேன். மழையில் திறந்த கிணற்றில் ஊரின் அழுக்கெல்லாம் இறங்கும். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. பத்தடி விட்டமுள்ள உங்கள் கிணற்றில் பத்தடித் தண்ணீர் நின்றால் சுமார் 22,000 லிட்டர், அதாவது ஏறக்குறைய 55 கிராம். பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த நீரை மட்டும் இரவில் கிணற்றில் ஊற்றிவிடுங்கள். காலையில் இறைக்கலாம். இறைப்பது நீங்கள், உங்கள் மனைவி இல்லை. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடாது, உங்கள் சிமென்ட் தொட்டியிலும் கோழிக்கு வைத்த சட்டியிலும் இடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லாத் தொட்டியையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவையுங்கள். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் அது வேறு கணக்கு.

உண்ணிக்காய்ச்சலைப் பற்றிச் சென்னையில் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வேலூர்ப் பக்கம் மழையும் குளிருமான மாதங்களில் அது தவறாமல் வரும். புதரிலும் புல்லிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது. அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் ஒளிந்திருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. கர்ப்பத்தில் வந்தால் குழந்தையையே இழக்க நேரிடலாம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், “நாங்கள் கொல்லையில் குடியிருக்கிறோம்” என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரையும் கர்ப்பிணிக்குக் கொடுப்பதும் வேறு, மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புதரை இப்போதே வெட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும். பாம்புக்கும் அதுவே வைத்தியம். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்ததுகூடத் தெரியாது. இருவரும் கட்டிலில் படுங்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள்.

குளிர் என்றால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். வேலூரை வெயிலூர் என்று சொல்லியே பழகிவிட்டார்கள். மார்கழி விடியற்காலையில் மலையடிவாரத்தில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். பெரியவர்களுக்கு அது சால்வைக் குளிர். பிறந்து நான்கு நாளான உடம்புக்கு அறையின் சூடு 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. தெற்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். வடக்குச் சன்னலுக்குக் கனமான துணி. பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லென்றிருந்தால் அப்போதே தாயின் மார்போடு சேர்த்துவிட வேண்டும், அந்த டிராக்டர்ப் பெட்டிக் கிழவி செய்ததுபோல. அதற்கு இணையான ஹீட்டர் எந்தக் கடையிலும் இல்லை.

பிள்ளை பெற்றவள் கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டி வைப்பார்கள், உங்கள் அத்தையும் சொல்லியிருக்கிறார். மூடிய அறையில் கரி நெருப்பு வைத்தால் வருகிற வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். சட்டி அறைக்குள் வரவே கூடாது. குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் அந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம். சேனை வைக்கிறேன், தேன் தொடுகிறேன் என்று வருகிற கைகளைச் சிரித்துக்கொண்டே தடுத்துவிடுங்கள், முதலில் தாயின் சீம்பால்தான். பெரியவர்களோடு சண்டை போடாமல் இதைச் செய்ய ஒரு வழி உண்டு. “நர்சம்மா திட்டுவார்” என்று பழியை எங்கள் மேல் போடுங்கள். காலம் காலமாக அதற்குத்தானே இருக்கிறோம்.

துணி காய்வதுதான் மழைக்கால வீட்டில் பெரிய தலைவலி. பழைய பருத்தி வேட்டிகளைக் கிழித்து, துவைத்து, வெயில் இருக்கும்போதே காயவைத்து முப்பது துண்டு மடித்து வையுங்கள். இறவாரத்துக்கு உள்பக்கம் ஒரு கயிறு. அதற்கும் மேல் ஓர் இஸ்திரிப் பெட்டி, கரண்ட் இருக்கும்போது. ஏணை கட்டப் போகிற உத்தரத்தை ஆள் தொங்கிப் பார்த்துச் சோதியுங்கள். கரையான் உள்ளே தின்றிருந்தால் வெளியே தெரியாது.

சாமான் சேமிப்பைப் பற்றி நீங்கள் எழுதியது போதும். புரட்டாசி வெயிலில் கேழ்வரகையும் பருப்பையும் ஒரு முறை காயவைத்து எடுத்துவிடுங்கள், அவ்வளவே. இலவம்பாடி முள்ளுக் கத்திரி நட்டிருப்பது சந்தோஷம். காய்க்கிற நேரத்தில் பத்தியம் என்று சொல்லி உங்கள் மனைவிக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் தின்னுங்கள்.

வழிக்கு வருவோம். தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் உத்திரகாவேரி ஆற்றில் கலக்கிற ஓடை அது, மலையில் பெய்தால் உங்கள் கொல்லையில் வெயில் அடிக்கும்போதே பெருகும். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையைச் சாலை இல்லாததால் நேரத்துக்குக் கொண்டுசேர்க்க முடியாமல், குழந்தை இறந்துவிட்டது. அது உங்கள் அணைக்கட்டுத் தாலுகாதான். அதனால் நான் கண்டிப்பாகச் சொல்வது, தேதிக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மனைவி ஓடைக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். தாய்வீடு சென்னையில் என்றால், வளைகாப்பு முடித்து அங்கேயே போவது உத்தமம். இங்கேதான் என்றால் தெரிந்தவர் வீடு, இல்லையென்றால் ஓர் அறை வாடகைக்கு. மலைப்பகுதிச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் முன்கூட்டியே வந்து தங்க அறை உண்டு, உங்கள் பகுதிச் செவிலியரைக் கேளுங்கள். சிக்கல் ஏதாவது இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கே போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு முறை வண்டியில் போய்ப் பாருங்கள். 108-க்கு அழைத்தால் வீட்டு அடையாளம் கேட்பார்கள். “ஆலமரத்துக்குப் பக்கத்தில்” என்றால் மழை இரவில் டிரைவருக்குத் தெரியாது. தார்ச்சாலையில் எந்தக் கல், எந்தக் கோயில் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பிக்மி பதிவு எண், அதாவது கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண், இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே. பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் கேட்பார்கள். தலைவலியோடு முகம் வீங்கினாலோ, கண் மங்கினாலோ, உதிரம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ தேதியைப் பார்க்காதீர்கள், மாட்டையும் பார்க்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதிர்க்கொல்லைக்காரரோடு வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை என்று மட்டும் ஓரிடத்தில் வருகிறது. அவர் கொட்டகைதான் உங்களுக்கு மிக அருகில், டிராக்டரும் அவரிடம்தான் இருக்கிறது. இன்று மாலையே போங்கள். வரப்பைப் பற்றிப் பேச வேண்டாம். மனைவிக்கு ஆறாம் மாதம் என்று சொல்லுங்கள், போகும்போது இரண்டு படி மல்லாட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.